ஏழு செடி வாங்கினேன், மா மட்டும்தான் தேறியது

முடிச்சூர்க்காரி | ஜூன் 14

வணக்கம். புது வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. வாசலில் கிழக்குப் பார்த்து இருபதுக்கு ஆறடி மண் தரை, மேலே மொட்டை மாடி. செடி வளர்த்து எனக்கு முன் அனுபவம் கிடையாது. அம்மா வீட்டில் எல்லாம் தானாகவே வளர்ந்தது, யாரும் எதுவும் செய்து நான் பார்த்ததில்லை.

ஏப்ரல் கடைசி ஞாயிறு அன்று பக்கத்துச் சாலையோர நர்சரியில் ஏழு செடி வாங்கினேன். ரோஜா இரண்டு, அடுக்குச் செம்பருத்தி, குண்டுமல்லி, எலுமிச்சை, கறிவேப்பிலை, ஒட்டு மா ஒன்று (இமாம்பசந்த் என்றார்). எல்லாம் சேர்த்து 1,350 ரூபாய். வாங்கும்போது ரோஜாவில் பதினோரு பூ இருந்தது, எண்ணினேன்.

இன்றைய நிலவரம்: ரோஜா இரண்டும் போச்சு, முதலாவது பத்தே நாளில். செம்பருத்தி வெறும் குச்சி. எலுமிச்சை இலையை ஏதோ தின்கிறது. மல்லி உயிரோடு இருக்கிறது, ஒரு மொட்டு கூட இல்லை. கறிவேப்பிலை வாங்கின அன்று எப்படி இருந்ததோ அப்படியே நிற்கிறது, பிளாஸ்டிக் செடி மாதிரி. மா மட்டும் சூப்பர், அடியிலிருந்து புதுத் தளிராக விட்டுக்கொண்டு வருகிறது.

தினமும் காலையில் ஒரு சொம்பு தண்ணீர் தவறாமல் ஊற்றினேன். என் கை ராசி சரியில்லையா, அல்லது ஏமாற்றிவிட்டார்களா?

தொட்டிமண் | ஜூன் 14

கை ராசியெல்லாம் பிறகு பார்ப்போம். நான்கு கேள்வி. செடி வாங்கும்போது நர்சரியில் வெயிலில் இருந்ததா, பச்சை வலைக்குக் கீழே இருந்ததா? கொண்டுவந்த அன்றே நட்டீர்களா? பையைக் கிழித்து மண் உருண்டையை அப்படியே வைத்தீர்களா, உதிர்த்தீர்களா? அந்த உருண்டை என்ன நிறம்?

முடிச்சூர்க்காரி | ஜூன் 14

வலைக்குக் கீழே. அன்று சாயங்காலமே நட்டேன், ரோஜாவும் செம்பருத்தியும் மாடித் தொட்டியில், மற்றவை தரையில். வேர் ஆடக்கூடாது என்று கடைக்காரர் சொன்னதால் உருண்டையை அப்படியே வைத்தேன். நிறம் சாம்பல் கலந்த கறுப்பு. கடினமாக, களிமண் மாதிரி.

தொட்டிமண் | ஜூன் 14

செத்த ரோஜாவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நாளைக்குத் தொட்டியைக் கவிழ்த்து அந்த உருண்டையை வெட்டிப் பாருங்கள். என்ன பார்த்தீர்கள் என்று எழுதுங்கள், அப்புறம் பேசுவோம்.

முடிச்சூர்க்காரி | ஜூன் 15

வெட்டினேன். காய் நறுக்கும் கத்தி இறங்கவில்லை, தேங்காய் உடைக்கும் அரிவாளை எடுக்க வேண்டியதாயிற்று.

தொட்டியில் நான் போட்ட மண் (செம்மண், மாட்டுச் சாணம், கொஞ்சம் மணல்) ஈரமாக, கையில் ஒட்டும் பதத்தில் இருக்கிறது. நடுவில் அந்த உருண்டை மட்டும் செங்கல் மாதிரி. இரண்டாகப் பிளந்தால் உள்ளே ஈரமே இல்லை, விரலால் சுரண்டினால் மாவாக உதிர்கிறது. வேர் எல்லாம் உருண்டைக்கு வெளிப்பக்கமாக, பை இருந்த வடிவத்திலேயே வட்டமாகச் சுற்றிக்கொண்டு நிற்கிறது. புது மண்ணுக்குள் ஒரு வேர் கூட வரவில்லை. ஒன்றரை மாதம் நான் ஊற்றிய தண்ணீரை எல்லாம் சுற்றியிருந்த மண்தான் குடித்திருக்கிறது, செடிக்கு ஒரு சொட்டு போகவில்லை.

தொட்டிமண் | ஜூன் 15

இதைத்தான் எதிர்பார்த்தேன். உங்கள் மண் பொலபொலவென்று இருக்கிறது, உருண்டை களி. தண்ணீர் சுலபமாக இறங்கும் வழியில் இறங்கிவிடும். களி ஒருமுறை முழுதாகக் காய்ந்துவிட்டால் மேலே எவ்வளவு ஊற்றினாலும் வழிந்து ஓடும், உள்ளே ஏறாது. மேல்மண் ஈரமாக இருப்பதால் நாமும் ஏமாந்துவிடுவோம்.

அடுத்த முறை வாங்கினால் உடனே நடாதீர்கள். பையோடு ஏழெட்டு நாள் வாசலில் பாதி நிழலில் வையுங்கள். நடுகிற அன்று பையைக் கிழித்து, உருண்டையை ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் முழுக வையுங்கள். குமிழி வருவது நிற்கும்போது களி இளகியிருக்கும். வெளிப்பக்கத்து மண்ணை மட்டும் விரலால் மெதுவாக வழித்து, சுற்றிக்கொண்ட வேரைப் பிரித்துவிட்டு நடுங்கள். மொத்த மண்ணையும் உதிர்த்து வேரை அம்மணமாக்க வேண்டாம்.

ரோஜா, செம்பருத்திக்கு இது சரி. காகிதப் பூவுக்குச் செய்யாதீர்கள், அதன் வேர் தொட்டாலே ஒடியும். மாவையும் சீண்டாதீர்கள்.

இன்னொன்று. ஏப்ரல் கடைசி என்றால் கத்திரி தொடங்க ஒரு வாரம்கூட இல்லை. வலைக்குள் இருந்த செடியை நேரே மொட்டை மாடிக்குக் கொண்டுபோயிருக்கிறீர்கள். கல்யாணப் பெண்ணை மண்டபத்திலிருந்து நேரே கரும்புக்காட்டு வேலைக்கு அனுப்பியது மாதிரி.

பென்ஷன்தோட்டம் | ஜூன் 15

சாலையோர நர்சரிகளில் வாங்குவதையே நிறுத்திவிட்டு அரசுப் பண்ணைகளுக்குப் போங்கள் அம்மா. சென்னைக்காரர்களுக்கு மாதவரத்தில் தோட்டக்கலைப் பண்ணை இருக்கிறது. கோவையில் வேளாண் பல்கலைக்கழகம், தேனிப் பக்கம் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி. நம் வீடுகளில் காய்க்கிற பி.கே.எம். 1 முருங்கை பெரியகுளத்தில் உருவானதுதான், பி.கே.எம். என்பதே ஊர்ப் பெயர்ச் சுருக்கம். அங்கே ரகம் சொன்னால் அந்த ரகம்தான். விலையும் பாதி. இந்தத் தெருவோரக் கடைகளில் எந்த மாங்கன்றுக்கும் அன்றைக்கு யார் கேட்கிறார்களோ அவர்களுக்குப் பிடித்த பெயர்.

வேப்பங்காய் | ஜூன் 16

சார் சொல்வது சரிதான், ஆனால் இரண்டு முறை போய் இரண்டு முறையும் நான் கேட்டது இருப்பில் இல்லை. வேலை நாளில் மட்டும் திறப்பார்கள், லீவு போட வேண்டும். தெருமுனைக்காரர் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கும் டார்ச் அடித்துச் செடி காட்டுகிறார்.

பதியன்காரர் | ஜூன் 16

கும்பகோணம் பக்கம் சின்னதாக நர்சரி வைத்திருக்கிறேன், பத்தொன்பது வருடம். திட்டு விழும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

எங்களை மாதிரிக் கடைகளில் இரண்டு வகைச் செடி இருக்கும். ஒன்று நாங்களே போட்டது. செம்பருத்தி, நந்தியாவட்டை, அரளி, இட்லிப்பூ, மல்லி, கறிவேப்பிலை எல்லாம் குச்சி வைத்தோ விதை போட்டோ இங்கேயே வளர்ப்போம். இந்தத் தண்ணீர், இந்த வெயில், இந்த மண் அதற்குப் பழக்கம். இரண்டாவது லோடில் வருவது. ஆந்திராவில் ராஜமுந்திரி பக்கத்தில் கடியம் என்று ஊர், கோதாவரிக் கரையோரம். ஊர் முழுக்க நர்சரிதான். தென்னிந்தியாவில் பாதிக் கடைகளுக்கு லாரி அங்கிருந்துதான் கிளம்புகிறது. ரோஜா ஓசூர், பெங்களூரு பக்கத்திலிருந்தும் வரும். குளிர்ந்த ஊரில் வளர்ந்தது, சித்திரை வெயிலில் எங்கள் கையிலேயே பத்துக்கு இரண்டு போகும்.

லோடு செடியில் களிமண் ஏன் என்றால், லாரியில் இரண்டு நாள் ஆடி வரவேண்டும். பொலபொல மண் வழியிலேயே கொட்டிவிடும், வேர் அறுந்துவிடும். களி உருண்டையாகப் பிடித்துக்கொள்ளும், ஈரத்தையும் வைத்துக்கொள்ளும். ஏமாற்று வேலை இல்லை, பயணத்துக்கான ஏற்பாடு. ஆனால் வாங்குகிறவரிடம் இதைச் சொல்ல வேண்டும். நாங்கள் சொல்வதில்லை, அது எங்கள் தப்பு.

"வேர் ஆடக்கூடாது" என்று கடைக்காரர் சொன்னதும் பொய் இல்லை. உருண்டை உடைந்து செடி செத்தால் கடைக்குத்தான் சண்டைக்கு வருவார்கள். அதனால் எல்லோருக்கும் அந்த ஒரே வசனம்.

நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "இது இங்கேயே போட்டதா, லோடுல வந்ததா?" லோடு என்றால் வந்து எத்தனை நாள் ஆகிறது என்று கேளுங்கள். ஒரு மாதம் எங்கள் கடையில் நின்று புதுத் துளிர் விட்டிருந்தால் பயமில்லை. நேற்று இறங்கியது என்றால் அடுத்த மாதம் வந்து வாங்குங்கள், நாங்கள் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

பூவைப் பார்த்து வாங்காதீர்கள். பதினோரு பூ எண்ணினேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதே கடையில் பூவே இல்லாமல் அடியில் மூன்று தடித்த கிளையோடு ஒரு செடி ஓரமாக நின்றிருக்கும். அதை யாரும் எடுப்பதில்லை. என் வீட்டுக்கு நான் எடுப்பது அதைத்தான்.

பையின் அடியில் வேர் வெளியே வந்து தரையில் இறங்கியிருந்தால் பிடுங்கும்போது அது அறுந்துபோகும். அந்தச் செடியை விடுங்கள். தண்டில் எறும்பு ஏறி இறங்கினால் இலைக் கவட்டில் மாவுப்பூச்சி இருக்கும், குனிந்து பாருங்கள். முக்கியமாகச் செம்பருத்தியில்.

பென்ஷன்தோட்டம் ஐயாவுக்கு: ரகம் பற்றிச் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. லோடில் வரும் மாவுக்கு அட்டையில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் நானும் சொல்கிறேன். காய்த்தபிறகுதான் எனக்கும் தெரியும். பழமரம் மட்டும் நீங்கள் சொன்ன இடங்களிலோ, தாய்மரத்தைக் காட்டக்கூடிய கடையிலோ வாங்குவது நல்லது. பூச்செடிக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

பென்ஷன்தோட்டம் | ஜூன் 16

இவ்வளவு வெளிப்படையாகப் பேசுகிற கடைக்காரரை இப்போதுதான் பார்க்கிறேன். "எந்த மாங்கன்றுக்கும்" என்று நான் எழுதியதில் "பல" என்று திருத்திக்கொள்கிறேன்.

ரோஜாப்பைத்தியம் | ஜூன் 17

ரோஜாவுக்காக மட்டும் எழுதுகிறேன். சென்னைச் சமவெளியில் முதல் ரோஜாவாக எட்வர்ட் வையுங்கள், அல்லது ஆந்திரா சிவப்பு. பூக்கடையில் கிலோவில் விற்கிற ரோஜாக்கள் இவை. எட்வர்ட் குச்சியிலேயே வேர் பிடிக்கும். வாசனை உண்டு, வெயில் தாங்கும். படத்தில் பார்க்கும் பெரிய ஒற்றைப் பூ ரகங்கள் எல்லாம் காட்டு ரோஜா மேல் மொட்டு கட்டியவை. அதில் கட்டுக்குக் கீழே ஒரு கிளை கிளம்பி முள்ளோடு விறுவிறுவென்று மேலே போகும், புதிதாக வளர்ப்பவர்கள் "ஆகா, செடி பிடித்துக்கொண்டது" என்று சந்தோஷப்படுவார்கள். அது காட்டுச்செடி. பெரும்பாலும் ஒரு காம்பில் ஏழு சிற்றிலை இருக்கும். ஐந்தா ஏழா என்று எண்ணுவதை மட்டும் நம்பாதீர்கள், நல்ல ரகங்களிலும் ஏழு வருவதுண்டு. கிளை எங்கிருந்து புறப்படுகிறது என்று பாருங்கள். கட்டுக்குக் கீழே என்றால் அடியோடு பிய்த்துவிடுங்கள், கத்தரித்தால் இரண்டாக வரும்.

மல்லிப்பந்தல் | ஜூன் 17

குண்டுமல்லி பூக்கவில்லை என்று கவலை வேண்டாம். ஒன்றரை மாதக் குழந்தையிடம் பூக் கேட்காதீர்கள். குறைந்தது அரை நாள் வெயில் விழும் இடமா என்று மட்டும் பாருங்கள், நிழலில் இலைதான் வரும். நவம்பர் கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மேலே எல்லாவற்றையும் வெட்டிவிடுங்கள். மனசு கேட்காது, வெட்டுங்கள். பங்குனியில் பேசலாம்.

ஒரு கொசுறு. மதுரை மல்லி என்று பெயர் வாங்கியது மதுரை. ஆனால் நாற்றுப் பிறப்பது பெரும்பாலும் ராமேசுவரம் தீவில், தங்கச்சிமடத்தில். கடலோர மணலில் குச்சி சீக்கிரம் வேர்விடும். அங்கிருந்து கட்டுக்கட்டாக எல்லா ஊருக்கும் போகிறது. எங்கள் அப்பா அந்தக் கட்டை ஈரச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தது எனக்கு நினைவிருக்கிறது.

முடிச்சூர்க்காரி | ஜூன் 17

எல்லோருக்கும் நன்றி. படிக்கப் படிக்க வெட்கமாக இருக்கிறது. எலுமிச்சையில் இலை முழுக்கக் காக்கை எச்சம் மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறது. கழுவலாம் என்று தண்ணீர் பீய்ச்சினால் எச்சம் நகர்கிறது!

தொட்டிமண் | ஜூன் 17

சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. பறவை ஏமாறுவதற்காகத்தான் அந்த வேஷம். வளர்ந்தால் பச்சையாகிவிடும், தொட்டால் தலையிலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பு நீட்டி நாற்றமடிக்கும். சின்னச் செடி என்பதால் கையால் பொறுக்கி எடுத்தால் போதும், மருந்து வேண்டாம். கறிவேப்பிலையிலும் இதே புழு வரும், இரண்டும் ஒரே குடும்பம். என் பெரிய மரத்தில் நான் எடுப்பதில்லை, பேத்திக்குப் பட்டாம்பூச்சி வேண்டுமாம்.

செம்பருத்திக் குச்சியை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. மாவுப்பூச்சி இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் அடியுங்கள். சோப்பு இல்லாவிட்டால் எண்ணெய் மேலே மிதக்கும்.

டீத்தூள்தாத்தா | ஜூன் 18

முட்டை ஓடும் டீத்தூளும் போடுங்கள், எல்லாம் சரியாகும்.

தொட்டிமண் | ஜூன் 18

சர்க்கரை போட்டுக் கொதிக்கவைத்த டீத்தூளைக் கழுவாமல் போட்டால் எறும்புதான் வரும். முட்டை ஓடு மண்ணில் கரையவே மாதக்கணக்கு ஆகும். கெடுதல் இல்லை, ஆனால் வேர் தாகத்தில் செத்துக்கொண்டிருக்கும்போது அதற்கு ஊட்டச்சத்து எதற்கு?

வேப்பங்காய் | ஜூன் 18

கறிவேப்பிலைக்குப் புளித்த மோர். என் செடி ஒரு வருடம் அசையாமல் நின்று அப்புறம் கிளம்பியது. மோராலா, வேர் ஊன்றியதாலா என்று சத்தியம் செய்ய மாட்டேன். இலை பறிப்பதை மட்டும் ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள்.

நடுவில் என் கேள்வி ஒன்று: அதே மாதிரிக் கடையில் வாங்கிய பப்பாளி ஆளுயரம் வளர்ந்து, நீளக் காம்பில் கொத்தாகப் பூ தொங்குகிறது, காயே இல்லை.

பதியன்காரர் | ஜூன் 18

ஆண் மரம். வெட்டிவிடுங்கள். நாட்டுப் பப்பாளியிலும் கோ 2 மாதிரி ரகங்களிலும் ஆண், பெண் தனித்தனி, கன்றில் கண்டுபிடிக்க முடியாது. ஒரு குழியில் மூன்று கன்று வைத்து, பூத்தபிறகு வேண்டாததை எடுப்பது அதனால்தான். ஒரே ஒரு கன்றுக்குத்தான் இடம் என்றால் ரெட் லேடி, கோ 7 கேளுங்கள்.

முடிச்சூர் அம்மாவுக்கு: இரண்டு நாளாக ஒன்று உறுத்துகிறது. மா "அடியிலிருந்து" தளிர் விடுகிறது என்று எழுதினீர்கள். அடி என்றால் எங்கே? பக்கத்தில் போய் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். தண்டில் ஒட்டுக் கட்டிய முடிச்சும் மண்ணும் தெரியவேண்டும்.

முடிச்சூர்க்காரி | ஜூன் 19

படம் போட்டிருக்கிறேன். மண்ணிலிருந்து நாலு விரல் உயரத்தில் மூன்று தளிர், ஒன்று ஏற்கெனவே ஒரு முழம். முடிச்சு அதற்கு மேலே ஒரு ஜாண் தள்ளி இருக்கிறது, பாலிதீன் நாடா சுற்றியபடி. முடிச்சுக்கு மேலே இருந்த கிளை கொஞ்சம் காய்ந்த மாதிரி இருக்கிறது, வெயிலால் என்று நினைத்தேன்.

பதியன்காரர் | ஜூன் 19

அம்மா, அந்த மேல் கிளைதான் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய மா. அது போய்விட்டது. நாடாவைக் கழற்றாமல் விட்டதால் தண்டு பெருக்கப் பெருக்க அது கழுத்தை நெரித்திருக்கிறது, படத்தில் பள்ளம் தெரிகிறது. அடியில் கொழுத்து வருவது கொட்டையிலிருந்து முளைத்த நாட்டுச்செடி. அது காய்க்க ஏழெட்டு வருடம் ஆகலாம், என்ன காய் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒட்டு நன்றாகப் பிடித்ததும் நாடாவை பிளேடால் நீளவாக்கில் கீறி எடுத்துவிட வேண்டும். கட்டுக்குக் கீழே வரும் ஒவ்வொரு தளிரையும் நகத்தாலேயே கிள்ளவேண்டும். இதை விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

முடிச்சூர்க்காரி | ஜூன் 19

நன்றாக இருக்கிறது என்று ஊருக்கெல்லாம் காட்டியது அதைத்தானா? தலைப்பை மாற்ற முடியுமா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

முடிச்சூர்க்காரி | ஜூன் 23

நேற்று அந்த நர்சரிக்கே போனேன். சண்டை போடத்தான் போனேன். "இங்கேயே போட்டதா, லோடா?" என்று கேட்டதும் அவர் நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் தானாகவே பின்பக்கம் கூட்டிப்போய் அவர் குச்சி வைத்த செம்பருத்தி வரிசையைக் காட்டினார். ஒற்றை அடுக்குச் சிவப்பு, 40 ரூபாய், செம்மண் பை, பூ கிடையாது. ஒன்று வாங்கினேன். மாவுக்குப் பணம் தரமாட்டேன் என்றார். ஆனால் நாட்டுச்செடியைப் பிடுங்காதீர்கள், ஆடியில் குச்சி கொண்டுவந்தால் நானே வந்து ஒட்டுக் கட்டித் தருகிறேன் என்றார். இது நடக்கிற காரியமா?

பதியன்காரர் | ஜூன் 23

தாராளமாக நடக்கும். வேர் அங்கேயே ஊன்றிவிட்டதால் புதுக் கன்றைவிட வேகமாக வரும். மூன்று தளிரில் நல்லதாக, நேராக உள்ள ஒன்றை விட்டு மற்ற இரண்டையும் எடுத்துவிடுங்கள். பென்சில் தடிமன் வந்தால் போதும். மென்தண்டு ஒட்டு என்போம். இளம் தண்டின் தலையை வெட்டி நடுவில் பிளந்து, ஆப்பு மாதிரி சீவிய குச்சியைச் செருகி நாடா சுற்றுவது. ஆடி, ஆவணியில் காற்றில் ஈரம் இருக்கும், பிடிக்கும்.

குச்சி எந்த மரத்தில் எடுக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். நீங்கள் பழம் சாப்பிட்டுப் பார்த்த மரமாக இருக்கட்டும். நுனிக்கிளையில், மொட்டு பருத்தும் விரியாமலும் இருக்கிற குச்சியாகத் தேர்ந்தெடுத்து, வெட்டுவதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே மரத்தில் இருக்கும்போது இலைகளை நறுக்கிவிடுங்கள், காம்பு மட்டும் நிற்கட்டும். காம்பு தானாக உதிரத் தொடங்கும், மொட்டில் சத்து இறங்கியிருக்கும். அப்போது வெட்டி ஈரத்துணியில் சுற்றி அன்றே கட்டவேண்டும்.

பென்ஷன்தோட்டம் | ஜூன் 24

ஒட்டுக் கட்டத் தெரிந்தவர் தெருமுனையில் இருக்கிறார் என்றால், மாதவரம் போகச் சொன்னதை உங்கள் விஷயத்தில் மட்டும் வாபஸ் வாங்குகிறேன்.

முடிச்சூர்க்காரி | ஜூலை 27

செம்பருத்தி நான்கு துளிர் விட்டிருக்கிறது. பழைய குச்சியும் கீறினால் பச்சை, அடியில் ஒரு கண் வீங்கியிருக்கிறது. எலுமிச்சையில் தினமும் காபி குடித்துக்கொண்டே புழு பொறுக்குகிறேன். கறிவேப்பிலை வழக்கம்போல.

மாவுக்குப் பின்வீட்டு ருமானி மரம் சம்மதித்திருக்கிறது. மரத்துக்காரப் பாட்டிதான் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, ஆடி மாதத்தில் மரத்தை வெட்டக்கூடாதாம். குச்சி நாலுதான் என்றதும் சரி என்றார். இன்று காலை ஏணி போட்டு ஏறி நாலு நுனியிலும் இலைகளை நறுக்கிவிட்டு, அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டிவிட்டு வந்தேன். நர்சரிக்காரர் அடுத்த புதன்கிழமை காலை ஏழு மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். நாடா அவரே கொண்டுவருவார், கழற்றுவது என் பொறுப்பாம்.